மண்ணுக்குள் இருந்தவன்

கி.மு. 261 அளவில் கலிங்கத்துப் பிணக்களத்தைப் பார்த்து அசோகன் மனம் மாறினான். கி.பி. 312 இல் கொன்ஸ்தந்தைன் உரோம் நகர வாசலில் கிறிஸ்துவின் அடையாளத்தைத் தாங்கிப் போரிட்டு வென்றான். சரித்திரப் பாடத்தில் திருப்புமுனை எது என்று கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டையும் தயங்காமல் எழுதுவார்கள். இரண்டிலும் இரத்தம். தமிழ்ச் சைவத்தின் பெரிய திருப்பமோ ஒரு மனிதரின் வயிற்றுவலியில் தொடங்கியது.

திருவாமூர் மருள்நீக்கியாருக்கு, அதாவது அப்பருக்கு, வந்த சூலை நோயைத்தான் சொல்கிறேன். சமணப் பள்ளியில் தருமசேனர் என்று பெரும் பட்டத்தோடு வீற்றிருந்தவர். குடலை முறுக்கிப் பிழிந்த வலிக்கு முன்னால் பட்டமும் உதவவில்லை, படிப்பும் உதவவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு ஓடி அக்கா திலகவதியாரின் காலில் விழுந்தார். அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. திருநீற்றை அள்ளிக் கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வாய் திறந்தது, பாட்டு வந்தது, வலி போயிற்று. அந்தப் பாட்டு பல்லவ அரசன் காதுக்கு எட்டியதும் சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுவது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தான். அவர் பாடிக்கொண்டே கரையேறினார். கடைசியில் மாறியவன் அரசன். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது மரபு. திருச்சி மலைக்கோட்டையில் குடைந்த மேற்குகையில், வேறு நெறியில் இருந்த தான் இலிங்கத்தின் பக்கம் திரும்பிய செய்தியை மகேந்திரன் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி அது.

திருச்சி என்று சொன்னால் எங்களுக்கு உள்ளுக்குள் ஒன்று அசையும். லிந்துலையில் எந்த லயத்துக்குப் போய்ப் பெரியவர்களிடம் பூர்வீகம் கேட்டாலும் திருச்சி ஜில்லா, சேலம் ஜில்லா, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்றுதான் பதில் வரும். என் அம்மாயிக்குத் துறையூர்ப் பக்கம். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. பேரை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். மகேந்திரன் கல்வெட்டைப் பற்றிப் படித்த நாளில் எனக்கு முதலில் தோன்றியது, அந்த மலையடிவாரத்துச் சனம்தானே நாங்கள் என்பது.

நான் சொல்ல வந்தது ஒரு மாசிச் சிவராத்திரி இரவை. நுவரெலியா மாவட்டத்துத் தை, மாசிக் குளிர் தெரிந்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் வானம் மேகமில்லாமல் வெளித்துக் கிடந்தால் விடியும்போது தேயிலைத் தளிர் பனியில் கருகியிருக்கும். அன்று வானம் அப்படித்தான் வெளித்துக் கிடந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பக்கவாட்டில், தகரக் கூரையின் கீழ், ஒரு சின்னச் சிவன் சந்நிதி. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் பீலியில் முழுகி, ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கம்பளிக்குள் பிள்ளைகளை அணைத்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தால் அவர்களுக்கு மறுபடி மலை.

இந்தக் குளிருக்கு வில்வம் வளராது. மாத்தளைப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிற ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். பூசாரிப் பெரியப்பா சாக்கைப் பிரித்து ஒவ்வோர் இலையாக எடுத்தார். மூன்று இதழும் முழுசாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துத் தட்டில் அடுக்கினார். இதழ் உதிர்ந்ததைக் கண்ணில் ஒற்றித் தூண் ஓரத்தில் வைத்தார். வாழ்நாளெல்லாம் கவ்வாத்து வெட்டிய கை அது. விரல் இடுக்குகளில் தேயிலைக் கறை கறுத்துக் கிடந்தது. அந்தக் கறைக்குப் பக்கத்தில் வில்வத்தின் பச்சையைப் பார்த்தபோதே என் தொண்டை அடைக்கத் தொடங்கிவிட்டது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஓதுவார் என்று யாரும் எங்களிடம் இல்லை. தேயிலை ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர்தான் பதிகம் படிப்பார். பண் எல்லாம் அவருக்குத் தெரியாது. காமன் கூத்தில் விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை. அந்த மெட்டுகளே தேவாரத்திலும் வந்து விழும். பண்டிதர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். சிவன் பொத்தமாட்டான் என்பது என் துணிபு.

இரண்டாம் சாம அபிசேகத்துக்குப் பீலித் தண்ணீர் வந்தது. குடத்தைத் தொட்ட பையன் விரலை உதறிக்கொண்டான். மாமா புத்தகத்தைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப நம்ம நாட்டுப் பதிகம்" என்றார். சம்பந்தர் பாடிய திருக்கேதீச்சரப் பதிகம்.

நம்ம நாடு! இந்தச் சொல்லைச் சொல்ல எங்கள் ஆட்கள் எத்தனை தலைமுறை காத்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களாக்கிய சனம். அந்தச் சனத்தில் ஒருவர், பல் விழுந்த வாயோடு, சிவனுக்கு முன்னால் நின்று, ஏழாம் நூற்றாண்டுப் பதிகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நம்ம நாட்டுப் பதிகம் என்கிறார். அவர் பாடத் தொடங்கினார். எனக்குள் மடை உடைந்தது.

சம்பந்தர் இந்தக் கரைக்கு வந்ததில்லை. இராமேசுவரத்தில் நின்று, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த கோணமலையையும் கேதீச்சரத்தையும் மனக்கண்ணால் கண்டு பாடினார் என்று பெரியபுராணம் சொல்லும். நூறு வருசம் போலக் கழித்துச் சுந்தரரும் அதே கரையிலிருந்து கேதீச்சரத்தைப் பாடினார். பாட்டு கடலைத் தாண்டியது, பாடியவர்கள் தாண்டவில்லை. அவர்கள் நின்ற அதே கரையோரத்திலிருந்துதான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் தோணி ஏறினார்கள். 1820களில் தொடங்கி அந்த நூற்றாண்டு நெடுக, கங்காணியின் பின்னால், மன்னாரில் இறங்கி, மாந்தைக் காட்டோரமாக நடந்து, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று மலை ஏறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. கல்லும் நடப்படவில்லை.

மாந்தை! கேதீச்சரம் இருந்த இடமல்லவா அது? நாயன்மார் இருவர் பாடிய கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் இடிந்து, காடு மூடி, எங்கே இருந்தது என்றே தெரியாமல் கிடந்தது. 1872 இல் ஆறுமுக நாவலர் அதை எடுத்துக் கட்டச் சொல்லிச் சைவ மக்களுக்கு வேண்டுகோள் விட்டார். 1894 இல்தான் தோண்டிய இடத்தில் பழைய இலிங்கம் வெளிப்பட்டது. அப்படியானால் எங்கள் ஆட்கள் நடந்த அந்த வருசங்களில் எல்லாம்?

ஐயனே, நீ மண்ணுக்குள் இருந்தாய்!

அந்த எண்ணம் வந்த கணத்தில் என் உடம்பு என் வசத்தில் இல்லை. மயிர்க்கால் ஒவ்வொன்றும் சிலிர்த்து நின்றது. எங்கள் பூட்டி பசித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தபோது நீ அவள் பாதத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இருந்தாய். கோயில் இல்லை, கோபுரம் இல்லை, விளக்கில்லை, பூசையில்லை, உன் பெயரைச் சொல்லக் கூட அங்கே ஒருவரும் இல்லை. வீடு இழந்து நடந்தவர்களுக்கு வீடு இழந்த நீ வழித்துணை இருந்தாய். கைலாயத்தில் இருந்திருந்தால் எட்டாமல் போயிருப்பாயே! கருவறையில் இருந்திருந்தால் வாசலோடு எங்களை நிறுத்தியிருப்பார்களே! மண்ணுக்குள் இருந்தபடியால்தானே எல்லாருடைய காலடியும் உன் தலையில் பட்டது? சுந்தரர் தூதனுப்பிய காலை, அடி தேடி அரி பன்றியாய்த் தோண்டிய காலை, எங்கள் பூட்டி தெரியாமலே மிதித்துப் போனாளே! சொல்லச் சொல்ல எனக்கு வாய் குழறியது. அழுகையா சிரிப்பா என்று பிரித்தறியாத ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. நான் எழுந்து நின்றேனா, விழுந்து கிடந்தேனா, கை தட்டினேனா என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை.

பக்கத்திலிருந்த சின்னம்மா என் தோளைப் பிடித்தாள்.

"என்னாடி அழுவுற? குளிருதா?"

"இல்ல சின்னம்மா. சாமி... நடந்து வந்தப்ப... மண்ணுக்குள்ள..."

நான் உளறியது அவளுக்கு ஒன்றும் விளங்கியிராது. ஆனாலும் தன் கம்பளியின் பாதியை என் மேல் இழுத்துப் போட்டு, "அழுவு, அழுவு. இங்க அழுவாம வேற எங்கடி போயி அழுவ?" என்றாள். நாவலரும் நம்பியாண்டார் நம்பியும் இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சைவம் சொன்னதில்லை.

மூன்றாம் சாமத்தில் உறக்கம் கண்ணைச் சுழற்றும். பிள்ளைகள் சுருண்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் உறக்கம் அண்டவில்லை. கண்ணை மூடினால் காரைக்கால் அம்மையார் வந்து உட்கார்ந்தார்.

கொழும்பு அருங்காட்சியகத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். பொலன்னறுவையில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த செப்புத் திருமேனிகளில் ஒன்று. நடராசரும் நால்வரும் அங்கே இருக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1914 இலேயே அவற்றைப் பற்றி எழுதி உலகத்துக்குக் காட்டிவிட்டார். வருகிறவர்கள் நடராசரிடம்தான் நிற்பார்கள். நான் அம்மையாரிடம் நின்றுவிட்டேன். விலா எலும்பு எண்ணலாம். மார்பு வற்றித் தொங்குகிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கையில் தாளம். என் அம்மாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்து வாசலில் குந்தியிருந்தால் அச்சு அசல் அப்படித்தான் இருப்பார். அந்த எலும்பும் நரம்பும் எந்தச் சிற்பிக்கு எங்கே கிடைத்தனவோ!

புனிதவதி, வணிகன் வீட்டுப் பெண். மாங்கனி அதிசயத்தைக் கண்டு பயந்த புருசன் பாண்டி நாட்டுக்கு ஓடி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பிறகு தேடிப் போன இவர் காலிலேயே குடும்பத்தோடு விழுந்தான். அழகும் தசையும் இனி யாருக்கு என்று பேய் வடிவை வேண்டி வாங்கிக்கொண்டு, கைலாய மலையில் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் ஏறிப் போனார் அம்மையார். தாயும் தந்தையும் இல்லாத அந்த ஒருவன் அவரை அம்மை என்று கூப்பிட்டான். இவர் அப்பருக்கும் சம்பந்தருக்கும் முந்தியவர். பத்துப் பாட்டும் முடிவில் கடைக்காப்பும் என்ற பதிக அமைப்பையே அவரிடமிருந்துதான் தமிழ் பெற்றது. அம்மையார் இருந்து பாடிய ஆலங்காட்டு எல்லையில் கால் வைக்கவே சம்பந்தர் தயங்கினார் என்பார்கள். யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் இத்தனை பெரிய வாசலைத் திறந்தவர் புருசன் கைவிட்ட ஒரு பெண். எந்தப் பாடநூலும் இதைப் போர்களுக்குச் சமமாக வைத்து ஒரு பக்கம் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அம்மே, உன் தாளச் சத்தம் எனக்குக் கேட்டது. தகரக் கூரையில் பனி சொட்டும் சத்தம்தான் அது என்று யாராவது சொன்னால் நான் வாதாடப் போவதில்லை.

கைவிடப்பட்டவர், நோயாளி. சிவன் பிடித்த ஆட்களைப் பாருங்கள். இன்னொருவர் படைத் தலைவர். 642 இல் நரசிம்மவர்மனின் பல்லவப் படை வாதாபியை அழித்தது. பாடநூலில் தடித்த எழுத்தில் இருக்கிற திருப்புமுனை அது. சீனத்து யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்து போனதும் அதையொட்டிய காலத்தில்தான். நம்ம நாட்டுக்கும் அதில் பங்குண்டு. அரசிழந்து போயிருந்த மானவம்மன் என்ற இலங்கை இளவரசன் நரசிம்மனிடம் தஞ்சம் புகுந்து, சாளுக்கியப் போரில் அவனுக்குத் தோள் கொடுத்து, பிறகு பல்லவப் படையோடு வந்து அனுராதபுரத்து அரசைப் பிடித்தான் என்று மகாவம்சம் எழுதுகிறது. வாதாபிப் படையை நடத்தியவர் பரஞ்சோதி. யானையும் குதிரையும் பொன்னும் குவித்துக் கொண்டுவந்து வைத்தார். இவர் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்லித்தான் அரசனுக்குத் தெரிந்ததாம். அரசன் நடுங்கிப் போனான். அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டு, வேலையிலிருந்து விடுவித்து அனுப்பினான். அவர்தான் சிறுத்தொண்டர். சேக்கிழார் வாதாபி வெற்றிக்கு இரண்டொரு பாட்டோடு நிறுத்திக்கொண்டு இந்த மன்னிப்புக்கும் அதற்குப் பிந்திய வாழ்வுக்கும் இடம் கொடுத்தார். எனக்குச் சேக்கிழாரின் அளவுகோல்தான் சரியென்று படுகிறது.

அந்த வருசமே பள்ளி விடுமுறையில் எங்கள் லயத்து ஆட்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துப் பொலன்னறுவைக்குப் போனோம். மாத்தளை முத்துமாரியம்மனிடம் இறங்கித் தேங்காய் உடைத்தோம். நடந்து வந்தவர்கள் மலை ஏறும் முன் தங்கிய ஊர் மாத்தளை. 2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களும் மாத்தளையில்தான் பயணத்தை முடித்தார்கள். நாங்கள் எதிர்த் திசையில் போனோம்.

பொலன்னறுவையை எப்படி நினைப்பது என்பது சைவருக்கு லேசான காரியம் இல்லை. 993 அளவில் இராசராசனின் படை வந்து அனுராதபுரத்தை அழித்தது. 1017 இல் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனையும் அவன் முடியையும், பாண்டியன் முன்பு இங்கே ஒளித்து வைத்த முடியையும் பிடித்துக்கொண்டு போயிற்று. மகிந்தன் சோழ நாட்டுச் சிறையிலேயே 1029 இல் இறந்தான். விகாரைகளை உடைத்துத் தாதுப் பேழைகளைச் சூறையாடினார்கள் என்று மகாவம்சம் அழுகிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. புலிக்கொடி பறந்த கதையைக் கேட்டு மீசை முறுக்குகிற தம்பிமார் பஸ்ஸிலும் இருந்தார்கள். கொள்ளையடித்த படைக்காக நான் கைதட்ட முடியாது என்று அவர்களிடம் சொன்னேன். வெற்றி பெற்ற சோழர் பொலன்னறுவைக்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் இன்று பஸ் பலகையில் கிடையாது.

இருப்பது கோயில். பபளு விகாரைக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் பலகை அதை இரண்டாம் சிவதேவாலயம் என்கிறது. கல்வெட்டு வானவன்மாதேவீச்சரம் என்கிறது. வானவன்மாதேவி இராசராசனின் தாய், மலையமான் குலத்துப் பெண். புருசன் சுந்தரசோழன் இறந்தபோது பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டுச் சிதையேறினாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. கடல் கடந்து வந்து நாடு பிடித்தவர்கள் இங்கே எடுத்த கற்கோயிலுக்கு அந்தத் தாயின் பெயரை வைத்திருக்கிறார்கள். பிடித்த நாடு போய்விட்டது. முடி போய்விட்டது. தாயின் பெயரும் இலிங்கமும் நிற்கின்றன.

அடி முதல் முடி வரை கல். சிகரம் கூட முழுசாக இருக்கிறது. வாசலில் நந்திகள் சிதைந்து கிடக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு வெயில் கொதித்த கல்லில் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடினோம். குளிரூர்க் கால்களுக்கு அது பெரிய சோதனை. உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். நாலைந்து பேருக்கு மேல் நிற்க இடமில்லை. எண்ணெய்க் கறை ஏறிய இலிங்கம். யாரோ வைத்துப் போன செவ்வரத்தம் பூ இன்னும் வாடவில்லை. மாமா கைகூப்பிக்கொண்டு பாடத் தொடங்கினார். அதே காமன் கூத்துத் தொண்டை. சின்ன அறை, நாலு பக்கமும் கல். அவர் ஓர் அடி பாடினால் கல் அதைப் பிடித்துத் திருப்பிப் பாடியது. அவர் சட்டென்று நிறுத்தினார், கல் நிறுத்தவில்லை. சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது எனக்குத் தஞ்சாவூர்க் கணக்கு நினைவுக்கு வந்தது. 1010 இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த இராசராசன் அங்கே திருப்பதியம் பாட 48 பேரை வைத்தான். உடுக்கைக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர், ஆகமொத்தம் 50. எல்லாருடைய பெயரும் கல்லில் இருக்கிறது. நாளுக்கு நெல் அளந்தான். அந்தக் கோயிலின் வருமானத்துக்கு ஈழத்து ஊர்கள் சிலவற்றையும் எழுதி வைத்தான். ஈழத்து வயலில் விளைந்தது தஞ்சாவூர்ப் பாட்டுக்குப் போயிற்று. இன்றைக்கு? தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பேரன், நெல் அளப்பார் யாருமில்லாமல், ஈழத்துக் கல்லுக்குள் நின்று அதே பாட்டைப் பாடுகிறார். ஐயா, எத்தனை நூற்றாண்டு காத்திருந்து இந்தக் கடனை நேர் செய்தாய்! கொடுத்தவனும் நீ, வாங்கினவனும் நீ. அரசன் கையால் எடுத்ததைக் கூலிக்காரன் தொண்டையால் திருப்பிக் கொடுத்தாயே! நிற்க முடியாமல் நான் அந்தக் கல்லிலேயே சரிந்தேன். நெற்றி தரையில் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும். அதை நான் துடைக்கவில்லை. அழுகையும் இல்லை அப்போது. ஒரு பெரிய நிறைவு, பேச்சும் மூச்சும் தேவைப்படாத நிறைவு. ஆனந்தம் என்று எழுதலாம். எழுதினால் சிறிதாகிவிடுகிறது.

இந்தக் கோயிலில் அதிராசேந்திரன் பெயர் சொல்லும் கல்வெட்டு ஒன்றுண்டு. அவன் இறந்ததும், விசயபாகு சோழரை விரட்டிப் பொலன்னறுவையைப் பிடித்ததும் 1070 ஐ ஒட்டித்தான். பாடநூலில் அது பெரிய திருப்பம். அன்றோடு சைவமும் முடிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கந்தளாய்க்குப் போகவேண்டும். அங்கே ஒரு சிவன் கோயில் அந்த விசயபாகுவின் பெயரிலேயே விசயராச ஈச்சரம் என்று விளங்கியது. நங்கைசானி என்ற பார்ப்பனப் பெண் இறந்த கணவனுக்காக அதற்குத் தானம் வைத்தாள். இங்கே பொலன்னறுவையிலும், சோழர் காலத்து வேளைக்காரப் படையினர் பின்னர் புத்தரின் தந்ததாதுவுக்கே காவலானார்கள். அந்தப் பொறுப்பைத் தமிழிலேயே கல்லில் வெட்டி, மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாயப் பெரும்பள்ளி என்று அந்த மாளிகைக்குத் தங்கள் பெயரையும் இட்டார்கள். அதைத் தம்பிமாருக்குக் காட்டினேன். மீசைகள் கொஞ்சம் இறங்கின.

அதே விசயபாகு எங்கள் மாவட்டத்திலும் கல்வெட்டு வைத்திருக்கிறான். கினிகத்தேனைப் பக்கம் அம்பகமுவையில் இருக்கிறது. சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களுக்கு அன்னம் கொடுக்க ஊர் ஒதுக்கியதைச் சொல்கிறது. மேலே போகக் கூடாதென்று வைத்த தாழ்ந்த குலத்தார் நின்று கும்பிட, கீழே ஒரு தளம் கட்டியதையும் சொல்கிறது. கருணைதான். ஆனால் கீழ்த்தளக் கருணை. எங்கள் தோட்டத்துக் கோயில்களிலும் கல்வெட்டில்லாத கீழ்த்தளங்கள் இருந்தன. கரகம் தூக்க ஒரு குடும்பம், தப்பு அடிக்க ஒரு குடும்பம், முதல் மரியாதைக்கு ஒரு குடும்பம். தப்பு அடித்தவர் திருநீறு வாங்க வாசலுக்கு வெளியில் நின்றதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திருப்புன்கூரில் நந்தனார் வெளியில் நின்றபோது சிவன் கீழே தளம் கட்டச் சொல்லவில்லை, குறுக்கே கிடந்த நந்தியை விலகச் சொன்னான். அன்று பொலன்னறுவைக் கருவறைக்குள் முதலில் நுழைந்தவர் தப்பு அடிக்கிற அண்ணன்தான். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. வாசலில் அவர் நந்தியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம்.

தோட்டங்களிலிருந்து பொலன்னறுவைக்குச் சுற்றுலா போகிற ஆசிரியர்களுக்கும் கோயில் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். கல் விகாரையையும் பராக்கிரமபாகு சமுத்திரத்தையும் காட்டுங்கள், அவையும் நம்ம நாட்டுச் செல்வம்தான். அதோடு பஸ்ஸைத் திருப்பிவிடாமல் வானவன்மாதேவீச்சரத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளின் கால் தாங்காது. வில்வம் மாத்தளையில் கிடைக்கும். காவலாளியிடம் கேட்டுவிட்டு விளக்கேற்றுங்கள், கற்சுவரில் சூடம் கொளுத்திக் கரி பிடிக்க விடாதீர்கள். பதிகப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பாடத் தெரிந்தவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் வாசியுங்கள். பிள்ளைகளை உள்ளே முதலில் விடுங்கள்.